மோடத்தைப் பூட்டி வைப்பது யாருக்காக?

"மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." புகார் எண்ணில் எப்போது கூப்பிட்டாலும் இதே பாட்டு. நெட் எதனால் போனது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. பழைய டெலிபோன் செம்புக் கம்பியில்தான் டிஎஸ்எல். என் பழைய மோடத்துக்குள் டெல்நெட் வழியாகப் போகலாம். 192.168.1.1, கடவுச்சொல், பிறகு கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை. லைன் என்ன வேகத்தில் பிடித்திருக்கிறது, எத்தனை சிஆர்சி பிழை, இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது (எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இதுதான்) எல்லாம் வந்து விழும்.

காய்ந்த நாளில் என் மார்ஜின் 11 டெசிபல். மழை பெய்த மறுநாள் 4. பொதுவாக 6-க்குக் கீழே போனாலே லைன் தள்ளாடும். பிழை எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. வெயில் அடித்ததும் தானாகச் சரியாகிறது. வழியில் எங்கோ ஒரு ஜாயின்டில் தண்ணீர் இறங்குகிறது என்று சந்தேகப்பட இன்ஜினியர் பட்டம் வேண்டுமா? நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோக்காரன், எனக்கே புரிகிறது. மோடத்தை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் ஜாயின்ட் காயாது. அதோடு, அணைத்தால் மோடம் எண்ணி வைத்த பிழைக் கணக்கும் போய்விடும். சாட்சியை நம் கையாலேயே அழிக்கச் சொல்கிறார்கள்!

இப்போது கம்பெனி கொடுக்கும் புது மோடத்தில் டெல்நெட்டை மூடிவிட்டார்கள். 'கனெக்டட்' என்று ஒரு பச்சை விளக்கு மட்டும். ரேங்க் கார்டை பீரோவில் பூட்டிவிட்டு "பையன் நல்லா படிக்கிறான்" என்று பெற்றோரிடம் சொல்வது போல.

கேட்டால் "பாதுகாப்பு" என்கிறார்கள். அதில் பாதி உண்மைதான். 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்ட கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளுக்குள் டெல்நெட் வழியாகத்தான் புகுந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் டாய்ச்சே டெலிகாம் இணைப்புகள் பாதிக்கப்பட்டதே, அங்கே தாக்கியவர்கள் தட்டியது எந்தக் கதவை? கம்பெனிகள் தூரத்திலிருந்து மோடத்தைப் பராமரிக்கப் பயன்படுத்தும் 7547 என்ற போர்ட்டை. அந்தக் கதவை வைத்தது வாடிக்கையாளர் இல்லையே!

வெளியிலிருந்து வரும் டெல்நெட்டைத் தாராளமாக மூடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து பார்க்க மட்டும், மாற்ற முடியாதபடி, ஒரு லாகின் கொடுங்கள். மாதாமாதம் காசு கட்டுகிறவன் தன் லைனின் நிலையைப் பார்த்தால் எதைக் கெடுத்துவிடுவான்? புகார் பதியும்போது மார்ஜினையும் பிழைக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். லைன்மேனும் பாவம், மோடத்தை மாற்ற வீட்டுக்கு நாலு நடை நடக்காமல் நேரே ஜாயின்டைப் பார்க்கப் போவார்.

இன்னும் திறந்த மோடம் வைத்திருக்கும் நண்பர்கள் மழைக்கு முன்னும் பின்னும் வந்த எண்களைக் கமெண்டில் போடுங்கள். அதற்கு முன்னால் கம்பெனி போட்ட கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.