பாதியில் நின்றவர்களிடம் யார் கேட்பது?

இணையவழிப் படிப்பு முடியும்போது மாணவர்களிடம் கருத்துப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வது வழக்கம். பாடம் புரிந்ததா, ஆசிரியர் எப்படி, மொத்தத்தில் திருப்தியா? ஐந்துக்கு நான்கு வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் படிவம் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் போகிறது. மூன்றாவது வாரத்திலேயே நின்றுபோனவரின் அதிருப்தி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இணையவழியில் படிக்க வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 2003-இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல், 2017-இல் வந்த ஸ்வயம் பாடத் தளம், 2020-இல் சென்னை ஐஐடி தொடங்கிய இணையவழிப் பட்டம் என்று வரிசையாக வந்தன. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. சேர்வது எளிதாகிவிட்டது. முடிப்பதுதான் பாடு.

என்பிடெலின் 12 வாரப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சேரக் கட்டணம் கிடையாது. வாராவாரம் காணொளி, கூடவே ஓர் அசைன்மென்ட். 12-இல் சிறந்த எட்டுக்கு 25 மதிப்பெண். மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஓரிரு வாரம் தவறினாலும் ஈடுகட்டலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால், பகலெல்லாம் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். தம்பியும் அதில்தான் படிக்கிறான். அது அவள் கைக்கு வரும்போது அன்றைய டேட்டா தீரும் தறுவாயில் இருக்கும். காணொளியின் தரத்தைக் குறைத்து ஓட்டினால், பலகையில் எழுதும் சமன்பாடு கலங்கித் தெரியும். சந்தேகத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கத் தயங்கி, பாதி தட்டச்சு செய்ததையும் அழித்துவிடுவாள். இப்படி இரண்டு வாரம் போனால், மூன்றாம் வாரம் லாகின் செய்யவே மனம் வராது.

வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தால் ஆசிரியர் கண்ணில் படும். இணையத்திலும் தெரியாமல் இல்லை. யார் கடைசியாக என்றைக்கு உள்ளே வந்தார் என்பது கணினியில் பதிவாகிறது. அதைப் பார்த்து ஒரு போன் செய்ய ஆள்தான் இல்லை.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது இணையம் கிடையாது. தபாலும் வானொலியும் தொலைக்காட்சியும்தான். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் தெரிந்த ஒரு வழிகாட்டி இருந்தார். அனுப்பிய விடைத்தாளைத் திருத்தி, எங்கே சறுக்கியது என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அரை நூற்றாண்டுக்கு முன் தபாலில் முடிந்தது இன்று வாட்ஸ்அப்பில் முடியாதா? முடியும். அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். நூறு பேருக்கு ஒருவராவது வேண்டும் என்பேன், தமிழில் பேசக்கூடியவராக. ஏற்கெனவே நாள் முழுக்க வகுப்பெடுக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டக் கூடாது. படிப்பை விட்டவர்களையும் கூப்பிட்டுக் காரணம் கேட்டு, அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை.

பல்கலைக்கழகம் மட்டுமே செய்து முடிக்கும் காரியமும் அல்ல இது. 2021-இல் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. கொரோனாக் காலத்துக்கென்று வந்த உதவி அது. இப்போது தேவைப்படுவது நிரந்தர ஏற்பாடு. கிளை நூலகங்களை இரவு ஒன்பதரை வரை திறந்துவைத்து, வைஃபையும் நான்கைந்து கணினிகளும் கொடுத்தால் போதும். முதலாளிகள் தேர்வு நாளில் சம்பளத்தோடு விடுப்பு தரலாம். வீட்டில் இருப்பவர்கள், போனைக் கையில் வைத்திருக்கும் பெண்ணை "சும்மா உட்கார்ந்திருக்கிறாயே" என்று அடுப்படிக்குக் கூப்பிடாமல் ஒரு மணி நேரம் விட்டுவைக்கலாம்.

படிப்பவர்களுக்கும் பங்கு உண்டு. புரியாத இடத்தை அந்த வாரமே கேட்டுவிடுங்கள், தமிழிலேயே கேளுங்கள். உங்கள் ஊரில் அதே பாடத்தை எடுத்தவர் இன்னொருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்காருங்கள்.