கடலில் கிடக்கும் வலையை அள்ளத்தான் வேண்டும்

ஹவாயின் வடமேற்கே பசிபிக் கடலில் சின்னஞ்சிறு தீவுகளும் பவளத்திட்டுகளும் வரிசையாக நீண்டு கிடக்கின்றன. உலகில் எஞ்சியிருக்கும் சுமார் 1,600 ஹவாய் மாங்க் சீல்களில் பெரும்பாலானவை வாழ்வது இங்கேதான். இந்தக் கடலில் இழுவலைத் தொழிலே கிடையாது. ஆனாலும் வட பசிபிக்கில் எங்கெங்கோ அறுந்த வலைகளை நீரோட்டம் ஆண்டுக்குச் சுமார் 52 டன் அளவுக்கு இங்கே கொண்டுவந்து சேர்ப்பதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. சீல் குட்டி எதைக் கண்டாலும் முகர்ந்து பார்க்கும், தலையை நுழைத்துப் பார்க்கும். நுழைத்த கழுத்து நாளாக நாளாகப் பருக்கும். மாட்டிய கயிறு விரிந்து கொடுக்காது. தோலை அறுத்து, கொழுப்பையும் அறுத்து, சதைக்குள் இறங்கிவிடும். பவளத்தில் மாட்டிக் கிடக்கும் பெரிய வலையில் சிக்கிய சீல், மூச்செடுக்க மேலே வர முடியாமல் நீருக்குள்ளேயே சாகிறது.

குப்பை வரும் வழியை அடைக்காமல் வந்ததை அள்ளிக்கொண்டிருப்பது வீண் வேலை என்று சிலர் வாதிடுகிறார்கள். அடைக்கும் முயற்சியும் நடந்ததுதான். கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் பத்தாண்டுகள் ஆகியும் இத்தீவுகளில் சீல்கள் சிக்குவது குறையவில்லை. நடுக்கடலில் தடையைக் கண்காணிக்க ஆளில்லை. தடைக்கு முன்பே கடலில் விழுந்த நைலான் மட்கிப் போவதுமில்லை. 1996 முதல் முக்குளிப்போர் இறங்கி, பவளம் உடையாதபடி வலையைக் கத்தியால் அறுத்து அறுத்துப் படகில் ஏற்றுகிறார்கள். இதுவரை 800 டன்னுக்கு மேல் அகற்றியிருக்கிறார்கள். பெருமளவில் வலை அகற்றிய இடங்களில் சீல்கள் சிக்கும் விகிதம் 71 சதவீதம் குறைந்ததாக 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இதற்குப் பிறகும் இதை வீண் வேலை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆயிரத்துச் சொச்சம் விலங்குகளுக்காக இவ்வளவு தூரம் கப்பல் அனுப்ப வேண்டுமா என்ற கேள்வியும் எழுகிறது. எண்ணிக்கை இவ்வளவு சுருங்கிய இனத்தில் ஒரு பெண் சீல் செத்தால் அது ஈனவிருந்த குட்டிகளும் இல்லாமல் போகின்றன. அதே வலை ஆமையையும் கடற்பறவையையும் கொல்கிறது, பவளத்தையும் பெயர்த்தெடுக்கிறது.

அள்ளிக்கொண்டே இருந்தால் வலையைத் தொலைத்தவர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார் என்ற அச்சத்தில்தான் உண்மை இருக்கிறது. வலை யாருடையது எனக் காட்டும் அடையாளக் குறிக்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2018-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. ஆனால் அது கட்டாயமில்லை. மீன்பிடி நாடுகள் அதைச் சட்டமாக்கி, அகற்றும் செலவை வலைத் தயாரிப்பாளரிடமும் பெரிய மீன்பிடி நிறுவனங்களிடமும் வசூலிக்க வேண்டும். அந்தச் சட்டம் வரட்டும் என்று முக்குளிப்போரைக் கரையில் உட்காரவைக்கக் கூடாது. ஆண்டுதோறும் அவர்கள் கடலில் இறங்குவதற்கான நிதியை இப்போதே உறுதிசெய்ய வேண்டும்.