சாப்பிடாத மருந்தையும் சொல்ல வேண்டும்

அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வது புரையேறுதலுக்குப் பயந்துதான். விழித்திருப்பவருக்குப் புரையேறினால் இருமல் வந்து காப்பாற்றிவிடும். மயக்க மருந்து ஏறியதும் அந்த இருமல் அடங்கிவிடுகிறது. இரைப்பையின் மேல்வாயை இறுக்கிப் பிடிக்கும் தசையும் தளர்கிறது. வயிற்றில் இருப்பது எதுக்களித்துத் தொண்டைக்கு வந்தால், தடுப்பாரின்றி நுரையீரலுக்குள் இறங்கும். உணவுத் துணுக்கு மூச்சுக்குழாயை அடைக்கும்; அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். நியூயார்க்கில் 44,016 பிரசவங்களின் பதிவுகளை ஆராய்ந்த கர்டிஸ் மெண்டல்சன், 66 பேருக்கு இப்படி நேர்ந்ததை 1946-இல் எழுதினார்.

பட்டினிக்கு இன்று பொதுவான கணக்கு உண்டு. தெளிந்த நீருக்கு 2 மணி நேரம், எளிய சிற்றுண்டிக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரத்துக்கும் இறைச்சிக்கும் 8 மணி நேரம். (பால் கலந்த காபி தெளிந்த நீரில் சேராது, அதற்கும் 6 மணி நேரம் வேண்டும்.) இரைப்பை வழக்கமான வேகத்தில் காலியாகும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு இது.

நீரிழிவுக்கும் உடல் எடை குறைப்புக்கும் தரப்படும் செமாகுளூடைடு, டிர்செபடைடு போன்ற மருந்துகள் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. ஓசெம்பிக், வெகோவி, மௌன்ஜாரோ என்ற பெயர்களில் வருபவை இவைதான். மௌன்ஜாரோவும் வெகோவியும் 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. இவை பசியைக் குறைப்பதோடு இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. முந்தின நாள் இரவு உண்டது, நேரக் கணக்குப்படி பட்டினி இருந்தவரின் வயிற்றிலும் காலையில் மிஞ்சியிருக்கலாம்.

வாராந்திர ஊசியை ஒரு வாரம் முன்பும், தினசரி மருந்தை அறுவை சிகிச்சை நாளிலும் நிறுத்தலாம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2023 ஜூனில் கூறியது. ஆனால் செமாகுளூடைடு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஊசியை ஒரு முறை தவிர்த்தால் போதும் என்று நிம்மதியடைய முடியாது. பல வாரங்கள் நிறுத்தினாலோ நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறும். 2024 அக்டோபரில் அந்தச் சங்கமும் வேறு மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து புதிய வழிகாட்டலை வெளியிட்டன. பெரும்பாலோர் மருந்தைத் தொடரலாம். ஆபத்தை ஆளுக்கு ஆள் எடைபோட வேண்டும் என்பது அதன் சாரம். இதுவே சரியான அணுகுமுறை. மருந்தைத் தொடங்கி அளவை ஏற்றிவரும் மாதங்களில் இருப்பவர், அதிக அளவு எடுப்பவர், குமட்டலோ வாந்தியோ வயிற்று உப்பலோ உள்ளவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அவர்களுக்கு முந்தைய 24 மணி நேரம் திரவ உணவு மட்டும் தரலாம்.

சந்தேகம் தீராவிட்டால் வயிற்றையே பார்த்துவிடலாம். நோயாளியை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சுக்குழிக்குக் கீழே அல்ட்ராசவுண்டு கருவியை வைக்கிறார் மருத்துவர். காலியான இரைப்பையின் அடிப்பகுதி கல்லீரலுக்குக் கீழே சிறு வளையமாகச் சுருங்கித் தெரியும். தண்ணீர் இருந்தால் வளையம் விரிந்து உள்ளே கறுப்பாகும். திட உணவு சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். சில நிமிடங்களில் முடியும் சோதனை. உணவு தெரிந்தால், அவசரமில்லாத அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம். தள்ள முடியாவிட்டால், மயக்கமும் தசைத் தளர்வும் தரும் மருந்துகளை அடுத்தடுத்துச் செலுத்தி, விரைவாக மூச்சுக்குழாயில் குழாயைப் பொருத்துவார்கள். அதன் நுனிக்கருகே உள்ள பலூன் ஊதி வழியை அடைத்துக்கொள்ளும். குழாய் இல்லாமல் ஆழ்ந்த மயக்கத்தில் செய்யும் எண்டோஸ்கோப்பிக்கும் இதே எச்சரிக்கை தேவை.

மருத்துவருக்குத் தெரிந்தால்தான் இவை அனைத்தும் நடக்கும். “என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்பதே வழக்கமான கேள்வி. வாரம் ஒருமுறை வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசியை யாரும் சாப்பிடுவதில்லை. எடை குறைக்கப் போடுவதைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை. அதனால் அது பதிலில் விடுபட்டுப்போகிறது. கேட்கும் மருத்துவர் ஊசியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நோயாளி மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, அண்மையில் அளவு கூட்டப்பட்டதா, குமட்டல் உண்டா என்பதை அறுவை சிகிச்சைத் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.