பென்னிக்கு ஜாக் எதற்கு?

1995-இல் 'சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்' திரைப்படமாக வந்தபோது, கடைசியில் பென்னியும் ஜாக்கும் சேர்ந்துவிட்டார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அயர்லாந்து எழுத்தாளர் மேவ் பின்சி எழுதிய நாவலில் அவர்கள் சேரவில்லை. துரோகம் செய்துவிட்டுத் திரும்பி வந்தவனை அங்கே பென்னி ஏற்பதில்லை. இந்த வித்தியாசத்தை முன்வைத்து வாசகர்கள் இன்றுவரை வழக்காடுகிறார்கள். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடி வந்தவர்களுக்குப் பெருத்த ஏமாற்றம். புத்தகத்தில் தொடங்கியவர்களோ படத்தை மன்னிக்கத் தயாராக இல்லை.

இந்த வழக்கில் நியாயம் நாவலின் பக்கம்தான். வாசகர்கள் வாதாடும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பெண்களின் பொழுதுபோக்குக்கான கதை என்று ஓரங்கட்டப்பட்ட ஒரு புத்தகத்தை அவர்கள் வரிவரியாக எடைபோட்டிருக்கிறார்கள்.

கதை நடப்பது நாக்கிளென் என்ற கற்பனைச் சிற்றூரிலும் டப்ளினிலும். பென்னி ஹோகன் ஆண்களுக்கான துணிக்கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். வாட்டசாட்டமான உடம்பு, வாஞ்சையான மனம். அவளுடைய உயிர்த்தோழி ஈவ், கன்னியாஸ்திரி மடத்தில் வளர்ந்த அநாதை. ஈவின் தாய் ஊர்ப் பெரிய வீட்டைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் பெண். கத்தோலிக்கத் தொழிலாளி ஒருவரை மணந்ததற்காகத் தாய்வீடு அவரைக் கைவிட்டுவிட்டது. 1957-இல் இரு தோழிகளும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்கிறார்கள். அங்கே பேரழகி நேன் அறிமுகமாகிறாள். மருத்துவரின் மகனான ஜாக் ஃபோலியும் வருகிறான். ரக்பி வீரன், கல்லூரியே திரும்பிப் பார்க்கும் இளைஞன். அவன் பென்னியை விரும்புகிறான் என்பதை யாராலும் நம்ப முடியவில்லை. பென்னியாலும்தான்.

நேன், ஈவின் உறவினனும் பெரிய வீட்டு வாரிசுமான சைமனை நம்பிக் கருவுறுகிறாள். அவன் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். பென்னி ஊரில் இருக்கும் வேளையில் ஜாக்குடன் நெருங்கும் நேன், அந்தக் குழந்தைக்கு அவன்தான் தகப்பன் என்கிறாள். அவர்களுக்கு நிச்சயமும் ஆகிவிடுகிறது. உண்மை வெளிப்பட்ட பிறகு ஜாக் மறுபடி பென்னியிடம் வந்து நிற்கிறான்.

அவனை ஏன் ஏற்கவில்லை என்று கேட்பவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. அறுநூறு பக்கங்களை ஒட்டிய நாவலில் பென்னியோடு ஏங்கி, பென்னியோடு கூசியவர்கள் அவர்கள். அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆனால் மறுதரப்பு வாசகர்கள் சொல்வதில் இன்னும் ஆழம் இருக்கிறது. தந்தை இறந்த பிறகு கடையின் கணக்கில் கைவைத்தவன் யார் என்று கண்டுபிடிப்பவள் பென்னி. முதலாளியின் மகளை மணந்து கடையையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று காத்திருந்த கடைப் பணியாள் ஷான் வால்ஷை வெளியே அனுப்புபவளும் அவளே. தாயைத் துக்கத்திலிருந்து மீட்டுக் கடையில் உட்காரவைக்கிறாள். இவ்வளவையும் செய்து முடித்த பெண், தன்னை ஏமாற்றியவன் கூப்பிட்டதும் ஓடிப்போனால், அதுவரை எழுதியதெல்லாம் வீண். பின்சி அதற்கு உடன்படவில்லை.

அழகில்லாத வாத்துக்குஞ்சு அன்னமாக மாறும் கதை தன்னிடம் கிடையாது, அது தன்னம்பிக்கையுள்ள வாத்தாக வளர்வதே தன் கதை என்று பின்சி சொல்லியிருக்கிறார். பென்னி கடைசிவரை மெலிவதில்லை. திடீரென அழகியாகவும் மாறுவதில்லை. இங்கேயும் வாசகர்கள் இரண்டு கட்சி. அவளுடைய உடம்பைப் பற்றிய பேச்சு இத்தனை முறை வர வேண்டுமா என்று இன்றைய இளம் வாசகர்கள் முகம் சுளிக்கிறார்கள். தன் உடம்பை எண்ணிக் கூசி வளர்ந்தவர்களோ, தங்களை முதன்முதலில் ஒரு கதாநாயகியிடம் கண்டது இந்தப் புத்தகத்தில்தான் என்கிறார்கள். இரண்டாமவர்களின் சொல்லுக்கு எடை அதிகம். பென்னியின் உடம்பை ஓயாமல் அளப்பது அவளைச் சுற்றியுள்ள ஊர். அந்த ஊரின் பார்வை அவளுக்குள் இறங்கி, பிறகு மெல்லக் கழல்வதை நாவல் பொறுமையாகக் காட்டுகிறது. அந்தப் பேச்சை நீக்கிவிட்டால் கழல்வதற்கே ஒன்றும் மிஞ்சாது.

பென்னியின் மறுப்பு எவ்வளவு பெரியது என்பது அந்தக் கால அயர்லாந்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அரசுப் பணியில் இருந்த பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டாக வேண்டும். அந்த விதி போனது 1973-இல். கருத்தடைப் பொருள்களின் விற்பனைக்கு 1935-இல் போட்ட தடை 1979-இல்தான் சட்டப்படி தளர்ந்தது. விவாகரத்துக்கு வழி திறந்ததோ 1995 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில். அதுவும் மயிரிழை வித்தியாசத்தில். படம் திரைக்கு வந்த அதே ஆண்டு அது. இப்படிப்பட்ட நாட்டில், 1950களின் சிற்றூர்ப் பெண் ஒருத்திக்கு ஜாக் ஃபோலி போன்ற மாப்பிள்ளை கிடைப்பது பெரும் அதிர்ஷ்டம் என்றே ஊர் சொல்லியிருக்கும். பின்சி அந்தக் காலத்தை ஏட்டில் படித்து எழுதவில்லை. 1950களின் இறுதியில் அதே கல்லூரியில் பயின்றவர் அவர். ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு, 1968-இல் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழின் மகளிர் பகுதிக்கு ஆசிரியரானவர்.

நாவலைக் குறை சொல்லும் வாசகர்களிலும் சரியாகச் சொல்பவர்கள் உண்டு. முதல் பாதி ஆற அமர நடக்கிறது, கடைசி அத்தியாயங்கள் தலைதெறிக்க ஓடுகின்றன என்ற புகார் உண்மை. ஈவின் வீட்டு விருந்தில் நடக்கும் விபத்தில் நேனின் கரு கலைந்துபோகிறது. அத்தோடு எல்லாச் சிக்கலும் அவிழ்ந்துவிடுகிறது. கதாபாத்திரங்கள் தாங்களே தீர்க்க வேண்டியதை ஒரு விபத்து தீர்த்துவைப்பது எழுத்தாளர் தேடிக்கொண்ட சுலபவழி. இந்த நாவலை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்படி நுணுகிப் படிக்கிறவர்கள் ஏராளமாக இருந்தும் பின்சியின் நாவல்களுக்குத் தீவிர விமர்சனத்தில் கிடைத்த இடம் சொற்பம். 2000-ஆம் ஆண்டு உலகப் புத்தக நாளையொட்டிப் பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பில், ஜேன் ஆஸ்டினையும் சார்லஸ் டிக்கன்ஸையும் தாண்டி அவர் மூன்றாம் இடம் பிடித்தார். ஆனாலும் "கடற்கரையில் படிக்கலாம்", "மனசுக்கு இதமானது" என்ற பாராட்டுகளோடு அவரை அனுப்பிவைப்பதே வழக்கமாக இருந்தது. அவருக்கு அடுத்த தலைமுறையில் புகழ்பெற்ற மரியன் கீஸுக்கும் இதே நிலைதான். நகைச்சுவை நாவலுக்கான வோட்ஹவுஸ் பரிசு பெண் எழுத்தாளர்களைக் கண்டுகொள்வதில்லை என்று 2018-இல் ஹே இலக்கிய விழாவில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். மதுவுக்கும் போதைக்கும் அடிமையானவர்களின் மறுவாழ்வு இல்லத்தை 'ரேச்சல்ஸ் ஹாலிடே' நாவலில் சிரிக்கவைத்தபடியே எழுதிக்காட்டியவரின் ஆதங்கம் அது.

அதிகம் விற்பதெல்லாம் நல்ல இலக்கியம் ஆகிவிடாது என்று மதிப்புரையாளர்கள் சொல்வது சரி. பின்சியின் எல்லா நாவல்களும் ஒரே தரம் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் விற்பனைக் கணக்கு வேறு, வாசகர்களின் தீர்ப்பு வேறு. ஒரு முடிவு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்பதைக் கதாபாத்திரத்தின் குணத்திலிருந்தும் கதையின் போக்கிலிருந்தும் எடுத்துக்காட்டுகிறவர் செய்வது விமர்சனமேதான்.

நேனைப் பற்றிய பேச்சு இதற்கு நல்ல சான்று. முன்பெல்லாம் வாசகர்களுக்கு அவள் வெறும் வில்லி, தோழியின் காதலனைப் பறித்தவள். இப்போது பலரும் அவளை வேறு கண்ணால் பார்க்கிறார்கள். குடிகாரத் தகப்பனின் வீட்டிலிருந்து தப்பிக்க அழகைத் தவிர வேறு முதல் இல்லாதவள் அவள். கருக்கலைப்பு குற்றமாக இருந்த நாட்டில், கையில் திணிக்கப்பட்ட பணத்தோடு தனியாக விடப்பட்டவள். அந்தத் தடையை அயர்லாந்து மக்கள் 2018 மே மாதம் 66 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் அகற்ற முன்வந்தார்கள். அதன்பின் நேனின் பக்கங்களைப் படிக்கும்போது, அவள் செய்த துரோகத்தோடு அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்ற கேள்வியும் எழுகிறது. பென்னி, ஈவ் இருவரிடமும் காட்டிய பரிவில் பாதியையாவது பின்சி நேனுக்குக் காட்டினாரா? இல்லை என்கிறார்கள் சிலர். நேனின் வீட்டையும் அவள் தாயையும் காட்டும் பக்கங்களே அந்தப் பரிவு என்கிறார்கள் வேறு சிலர். மதிப்புரைப் பக்கங்கள் இடம் கொடுக்க வேண்டியது இந்த வாதத்துக்குத்தான்.