லொறிச் சாரதியின் ஏழு நாட்கள்



நேற்றிரவு உங்கள் வீட்டில் ஆக்கிய சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வயலிலிருந்து என்பீர்கள். உண்மைதான். உழுதவனை நினைக்கிறோம், மழை பொழிவித்த அல்லாஹ்வைப் புகழ்கிறோம். ஆனால் வயலுக்கும் அடுப்புக்கும் இடையில் நீண்டதொரு பாதை கிடக்கிறது. அந்தப் பாதையில் இரவெல்லாம் கண் விழித்த ஒரு மனிதரும் இருக்கிறார். அவரை நாம் நினைப்பதில்லை. இந்த மாதம் அவரைப் பற்றிப் பேசுவோம்.

சில மாதங்களுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் பாடசாலைக்கு வந்தார். மகன் பாடத்தில் தூங்கி விழுவதைப் பற்றிப் பேசவே அவரை அழைத்திருந்தேன். அவர் அதைக் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி வேறொன்றைக் கேட்டார்.

"மௌலவி, இவன்ட வாப்பா லொறி ஓட்டுறார். கிழமையில வெள்ளி ஒண்டுதான் முழுசா வீட்டில. றோட்டில தவறின தொழுகையை எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்த்துத் தொழுறார். அது கூடுமா? வியாழன் ராவைக்கு நாங்க ரெண்டு பேரும் தூங்குறதில்ல. லொறிச் சத்தம் கேட்டாத்தான் இவனுக்கும் கண் மூடும்."

மாணவன் வகுப்பில் தூங்கிய காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அவரை ஒரு தரம் என்னைச் சந்திக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அவர் வந்தார். பள்ளி விறாந்தையில் அமர்ந்து தன் கிழமையைச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் வேலை தொடங்குகிறது. சம்மாந்துறையில் அரிசி ஆலையொன்றில் மூடை ஏற்ற வேண்டும். ஏற்றி, படங்கு இழுத்துக் கட்டி, கயிறு இறுக்கி முடிக்கும்போது அஸர் ஆகிவிடும். மஃரிப் தொழுது, சாப்பிட்டு, இரவு ஏழரை மணிக்குப் புறப்படுகிறார். கல்முனை, மட்டக்களப்பு, வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, மின்னேரியா, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், வரக்காப்பொல, நிட்டம்புவ என்று 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவை அடைகிறார். நகரம் விழித்து நெரிசல் கூடுமுன் உள்ளே போய்விட வேண்டும். முந்தி வந்த லொறிக்கு முதலில் மூடை இறக்குவார்கள். பிந்தியவர் நாட்டாமிமாரின் கை ஓயும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும்.

இறக்கி முடிய நண்பகல். லொறியின் முன்னிருக்கையில் காலை மடக்கிக் கொண்டு இரண்டு மணித்தியாலம் உறக்கம். பிறகு சீனி, பருப்பு, மா என்று ஊர்க் கடைகளுக்குரிய சாமான் ஏற்றம். திங்கள் இரவு மீண்டும் அதே பாதை. செவ்வாய் பகல் முழுதும் காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை கடை கடையாக இறக்கம். வீட்டுக்கு வரும்போது பிள்ளை உறங்கியிருப்பான். புதன் சுபஹோடு அடுத்த நடை. வியாழன் கொழும்பு. வெள்ளி காலை வீடு. சனிக்கிழமை கராஜ்: கிறீஸ் அடிப்பது, டயர் மாற்றுவது, பிரேக் பார்ப்பது. ஞாயிறு மறுபடியும் மூடை.

சம்பளம் மாதத்துக்கு அல்ல, நடைக்கு இவ்வளவு என்று. ஓடினால் காசு, நின்றால் இல்லை. 2020இல் ஊரடங்கு நாட்களிலும் இவர் போன்றவர்களே உணவு கொண்டு வந்தார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது டீசல் வரிசையில் நாட்கணக்காக லொறிக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். அந்த நாட்களுக்கு நடை இல்லை. நடை இல்லாததால் கூலியும் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, குரலைத் தாழ்த்தி அவர் இன்னொன்றைச் சொன்னார்.

"மௌலவி, வீட்டில சொல்லாத விஷயம் ஒண்டு இரிக்கி. போன மாசம் கதுறுவெலயில பிளேன்டி குடிச்சிட்டு எடுத்தன். மின்னேரியாக் காட்டுக்குள்ள ஒரு மணி இரிக்கும். கண் திறந்துதான் இரிந்திச்சி. ஆனா ரெண்டு பாலம் தாண்டினது எனக்கு ஞாபகத்தில இல்ல. கிளீனர் பொடியன் 'காக்கா!' எண்டு கத்தி ஸ்டியரிங்கப் புடிச்சான். முன்னால றோட்டில யானை நிக்கிது. பிரேக் போட்டு நிப்பாட்டின பிறகு கை நடுங்கிச்சி. அந்தப் பொடியனுக்குப் பத்தொன்பது வயசு. அவனுக்கும் உம்மா இரிக்கா."

வாசகர்களே! அவருடைய மனைவி என்னிடம் தொழுகையைப் பற்றித்தான் கேட்டார். நானும் அதற்கு விடை சொல்லத்தான் ஆயத்தமாக இருந்தேன். பல ஆண்டுகளாக முஸாபிரின் தொழுகை பற்றிப் பயான் செய்திருக்கிறேன். முஸாபிரின் தூக்கம் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அன்று அது எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் தொழுகையின் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஷாபிஈ மத்ஹபின்படி சுமார் 82 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆகுமான பயணம் செய்பவர், தன் ஊர் எல்லையைக் கடந்ததிலிருந்து லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும் ஒரு நேரத்திலும், மஃரிபையும் இஷாவையும் ஒரு நேரத்திலும் சேர்த்துத் தொழலாம். பிந்திய நேரத்தில் சேர்ப்பதாயின், முந்திய தொழுகையின் நேரம் முடியுமுன் அதற்கு நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும். மஃரிபுக்குச் சுருக்கம் இல்லை. சுபஹுக்குச் சுருக்கமும் இல்லை, சேர்ப்பும் இல்லை. பயணத்தில் தவறியதை வீட்டுக்கு வந்து கழாச் செய்தால் நான்காகவே தொழ வேண்டும். ஆகவே அந்தச் சகோதரர் வெள்ளிக்கிழமை தொழுத கழாக்கள் கூடும். ஆனால் வேண்டுமென்றே தவற விட்ட குற்றம் கழாவால் மட்டும் நீங்காது. தவ்பாவும் வேண்டும். பத்து நிமிடத்தில் முடியக்கூடிய சலுகையை அல்லாஹ் தந்திருக்க, கிழமைக் கடனைச் சுமந்து திரிய வேண்டிய அவசியம் என்ன? ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹ் கொடுத்த அந்தச் சலுகை இவரைப் போன்றவருக்குத்தான்.

இனித் தூக்கத்தின் விடயம்.

நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவுப் பயணத்தில் வாகனத்தின் மீதிருந்தபடியே கண்ணயர்ந்து சாய்ந்தார்கள். பக்கத்தில் வந்த அபூ கதாதா (ரழி) அவர்கள், எழுப்பிவிடாமல் மெதுவாகத் தாங்கி நிமிர்த்தினார்கள். மீண்டும் சாய்ந்தார்கள், மீண்டும் தாங்கினார்கள். மூன்றாம் முறை விழும் அளவுக்குச் சாய்ந்தபோது தாங்க, நபியவர்கள் தலையுயர்த்தி யாரென்று விசாரித்தார்கள். இரவு முழுதும் அவர் தம்மோடு வருவதை அறிந்து, தன் நபியைக் காத்ததற்காக அல்லாஹ் அவரைக் காக்கும்படி துஆச் செய்தார்கள். அதன் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பயணத்தைத் தொடரவில்லை. பாதையை விட்டு விலகி, சுபஹைப் பார்த்துக்கொள்ளுமாறு தோழர்களிடம் சொல்லிவிட்டுத் தலை சாய்த்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி.

மின்னேரியாக் காட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தப் பொடியனை நினைத்துப் பாருங்கள். அபூ கதாதா (ரழி) அவர்களின் பங்கை அவன் செய்திருக்கிறான். ஆனால் நம் லொறி, பாதையை விட்டு விலகி ஓய்வெடுக்கவில்லை. பத்து நிமிடம் நின்று, முகம் கழுவி, திரும்பவும் ஓடியது. ஏனென்றால் நான்காம் குறுக்குத் தெருவுக்கு ஐந்து மணிக்குப் போயாக வேண்டும்.

தொழுகையிலேயே தூக்கம் மிகைத்தால் உறங்கிவிட்டு வந்து தொழுமாறு நபியவர்கள் கற்பித்திருக்கிறார்கள். தன்னை அறியாமல் வாய் தவறி எதையாவது சொல்லிவிடக் கூடாது என்பதே காரணம். நாவு தவறுவதற்கே இந்த எச்சரிக்கை என்றால், பல தொன் பாரத்தின் ஸ்டியரிங் தவறுவதற்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் லொறி, நான்கு செக்கன் கண்ணயர்ந்தால் சுமார் 67 மீற்றர் தூரம் ஓட்டுநரின்றி ஓடுகிறது.

1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரைப் போல மந்தமாகின்றன. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமமாகிறது. இது நம் நாட்டுச் சட்டம் சாரதிகளுக்கு விதித்த அளவைத் தாண்டியது. இப்போது அந்தச் சகோதரரின் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கிடுங்கள். சுபஹுக்குப் பின் ஐந்து மணிக்கு வேலை தொடங்கியவருக்கு, இரவு பத்து மணிக்கு வெலிக்கந்தையை நெருங்கும்போதே 17 மணித்தியாலம் ஆகிவிட்டது. புறக்கோட்டையை அடையும்போது 24. வாழ்நாளில் மதுவின் வாடையும் படாத ஒரு மனிதரை, குடித்தவரின் நிலையில் வைத்து இரவு முழுதும் வாகனம் ஓட்டச் செய்கிறோம்!

இதில் யாரைக் குறை சொல்வது? முதலாளியும் கெட்டவரல்லர். முந்தி வரும் லொறிக்கே நல்ல விலை என்று அவரை இன்னொருவர் நெருக்குகிறார். ஆனாலும் மறுமையில் ஒவ்வொருவரிடமும் அவரவர் பொறுப்பில் உள்ளவர் பற்றியே கேட்கப்படும். தமக்குக் கீழுள்ளவர்மீது சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமத்தக் கூடாதென்றும், சுமத்தினால் தாமும் கைகொடுக்க வேண்டுமென்றும் நபியவர்கள் அபூ தர் (ரழி) அவர்களுக்குப் போதித்தார்கள். ஆகவே வியாபாரச் சகோதரர்களே! மூடை ஏற்றுபவர் வேறு, ஓட்டுபவர் வேறு என்று ஆக்குங்கள். சாரதி பகலில் ஐந்தாறு மணித்தியாலம் உறங்கிய பின்னரே வண்டியைக் கொடுங்கள். நீண்ட நடைக்கு இரண்டு சாரதிகளை அனுப்புங்கள். நடைக் கூலியோடு ஒரு நிலையான மாதச் சம்பளமும் கொடுங்கள். ஒரு நடை குறைந்தால் உங்கள் இலாபம் சற்றுக் குறையும். ஒரு மையித்து வந்தால் எதைக் கொண்டு ஈடு செய்வீர்கள்?

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டமாவடி, கதுறுவெல, கலேவெல, குருநாகல், திஹாரிய என்று இந்தப் பாதை நெடுகிலும் நம்மவர் வாழும் ஊர்கள் இருக்கின்றன. இரவில் பள்ளிக் கதவைப் பூட்டுவதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் வெளியே ஒரு சிறு விறாந்தை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவறை, லொறி நிறுத்த ஓரமாக இடம் ஆகியவற்றைத் திறந்து வைத்தால், இஷாவைத் தொழுது இரண்டு மணித்தியாலம் உறங்க அவர்களுக்கு இடம் கிடைக்கும். இரவில் தங்குபவர் நடைபாதையிலிருந்து விலகித் தங்க வேண்டும், அது பிராணிகளின் வழி என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். யானை நடமாடும் பாதையில் வண்டியை நிறுத்தி உறங்குபவருக்கு இது எவ்வளவு பொருத்தம்!

சாரதிகளின் வீட்டாருக்கும் சொல்கிறேன். "எங்க வாறீங்க?" என்று ஓட்டத்தில் இருப்பவருக்கு அடிக்கடி தொலைபேசி எடுக்காதீர்கள். அவர் நிறுத்தும்போது எடுக்கட்டும். வீட்டிலிருக்கும் பகலில் அவரை உறங்க விடுங்கள். பிள்ளைகளையும் கொஞ்ச நேரம் அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் உடலுக்கும் மனைவிக்கும் நம்மீது உரிமை உண்டென்று நபியவர்கள் கற்பித்தார்கள். கண்ணின் உரிமையை முதலில் கொடுத்தால், மற்ற உரிமைகளைக் கொடுக்க ஆள் இருப்பார்.

அந்தச் சகோதரரிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "மின்னேரியாவில் நடந்ததை உங்கள் முதலாளியிடமும் சொல்லுங்கள். தேவையானால் நானும் வருகிறேன்." இருவரும் போனோம். முதலாளி நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மூடை ஏற்றும் நேரத்தில் சாரதி வரத் தேவையில்லை, பின்னேரம் வந்து வண்டியை எடுத்தால் போதும் என்றார். மற்றவற்றை யோசிப்பதாகச் சொன்னார். சிறிய மாற்றம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அந்த வீட்டில் இப்போது ஒருவர் உறங்குகிறார். வியாழன் இரவு இன்னும் மாறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவருடைய மகன் பள்ளிவாசலில் வாப்பாவின் பக்கத்தில், கொட்டாவி விட்டபடிதான் அமர்ந்திருக்கிறான்.

இன்றிரவும் நம் சோற்றைச் சுமந்து ஆயிரக்கணக்கான லொறிகள் ஓடும். உறங்கப் போகுமுன் அவர்களுக்காக ஒரு துஆச் செய்யுங்கள். வல்ல அல்லாஹ் அவர்களின் கண்களுக்கு ஓய்வையும், கைகளுக்கு உறுதியையும், அவர்களை வேலைக்கு அமர்த்தியோருக்கு இரக்கத்தையும் தந்து, அவர்களைக் காத்திருக்கும் வீடுகளுக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவானாக! ஆமீன்.