புன்னை எங்கே நிற்கிறது?

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் என் அக்காள் மகனைத் தைப்பிங் ஏரிப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிப்பவன். அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாம் மாடியில் வளர்பவன். சறுக்குமரமும் ஊஞ்சலும் பத்து நிமிடத்தில் அவனுக்குச் சலித்துவிட்டன. ஏரிக்கரையில் கிளைகளை நீர்வரை சாய்த்துக்கொண்டு நிற்கும் பெருமரங்களிடம் வந்ததும் பையன் நகரவேயில்லை. கீழே கிடந்த கறுத்த காயை உடைத்தான், முகர்ந்தான், கையெல்லாம் பிசுபிசுப்பாக்கிக்கொண்டான்.

“சித்தி, இது என்னா மரம்?”

“பொக்கோக் ஹுஜான்-ஹுஜான்.”

“தமிழ்ல?”

தமிழ்மொழிக் கழகத்தின் செயலவை உறுப்பினராகிய நான் விழித்தேன். பாட்டிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. “தூங்குமூஞ்சி மரம்டி! அஞ்சு மணியானா எலைய மூடிக்கிட்டுத் தூங்கிடுமே” என்றார். மலாய்க்காரர்கள் அம்மரத்தை ‘புக்குல் லீமா’ என்றும் அழைப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1880-இல் உருவான பூங்கா அது. அந்த ஏரிக்கரை மரங்கள் 1884-இல் நடப்பட்டவை. அவற்றின் நிழலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான்!

நான் பல்கலைக்கழகத்தில் பயில்வது நிலத்தோற்ற வடிவமைப்பு. இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஓர் இடுபணி. நகரப் பூங்கா ஒன்றில் சிறுவர்களுக்கு இயற்கை விளையாட்டுப் பாதை அமைக்க வேண்டும். ஒரே திடலில் எல்லாச் சாமான்களையும் குவிக்காமல், மரங்களுக்கிடையே ஒரு நடைபாதை வகுத்து, அங்கங்கே ஏற, தோண்ட, ஒளிய, பொறுக்க இடம் விடுவதுதான் இப்பாதை. நாங்கள் வரைந்தது என்ன? கான்கிரீட் யானை, கண்ணாடியிழைக் காளான், ரப்பர் விரிப்பின் மேல் பச்சை வண்ணத்தில் இலை. நானும் அப்படித்தான் வரைந்தேன். யானையின் தும்பிக்கைதான் சறுக்குமரம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இப்போது அந்த வரைபடத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இருக்கிற மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மரம்போல ஒரு பொம்மையை வைத்திருக்கிறேன்!

சிங்கப்பூர்க்காரர்கள் இதில் நம்மைவிட வெகுதூரம் போய்விட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜூரோங் ஏரித் தோட்டத்தில் 2019-இல் திறக்கப்பட்ட ‘ஃபாரஸ்ட் ராம்பிள்’ 2.3 ஹெக்டேர் பரப்புடையது. நன்னீர்ச் சதுப்புக்காட்டு விலங்குகளின் அசைவுகளைப் பிள்ளைகள் செய்து பார்க்கும்படி 13 விளையாட்டு நிலையங்கள் அங்கு உள்ளன. அங்கே வேலை செய்யும் மாமா எங்களை அழைத்துப் போனார். நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால், நம் ஊர் நகராண்மைக் கழகத்தால் அவ்வளவு செலவு செய்ய முடியுமா என்று கேட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடவும் கூடாது. நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியைச் சுற்றிப் பால்மரங்கள். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் பக்கத்துத் தோழியின் கையில் வைப்போம். அலறுவாள். ஆசிரியரின் பிரம்பு பேசும். அந்த விளையாட்டுக்கு யாரும் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். விளையாட்டுப் பாதை அமைப்பவர்கள் சாமான்களின் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே நிற்கும் மரங்களைக் கணக்கெடுக்கட்டும். எந்த மரம் எதை உதிர்க்கிறது என்று பார்த்துப் பாதையை அதன்கீழ்க் கொண்டுபோகட்டும். மலாயில் ‘சாகா’ எனப்படும் மரத்தைத் தமிழில் மஞ்சாடி அல்லது ஆனைக்குன்றிமணி என்பார்கள். அதன் சிவந்த விதையைப் பொறுக்கிப் பல்லாங்குழி ஆடலாம். இருபது மஞ்சாடி எடை ஒரு கழஞ்சுப் பொன் என்று சோழர் காலத்தில் நிறுத்தார்கள் என்பதைச் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ‘பூங்கா தஞ்சோங்’ என்று நாம் அன்றாடம் கடந்து போவது மகிழமரம். அதன் பூ காய்ந்த பின்னும் மணக்கும். ஊசிநூல் கொடுத்தால் போதும், பிள்ளைகளே கோத்துக்கொள்வார்கள்.

இனி, ‘பெனாகா லாவுட்’. கோலிக்குண்டு போன்ற காயுடைய இம்மரத்தைச் சாலையோரங்களில் வரிசையாக நட்டிருப்பார்கள். இதுதான் புன்னை என்று தெரிந்த நாளில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியத்தைச் சனிக்கிழமை வகுப்பில் படித்தவள் நான். நெய்தல் நிலத்து மரம் புன்னை என்று மனனம் செய்து எழுதினேன். அதே மரத்தடியில்தான் பேருந்துக்காக நின்றிருக்கிறேன்! யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் கழகத்தின் இலக்கிய வகுப்பில் நற்றிணை 172-ஆம் பாடலைப் படித்தோம். சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். தாய் அந்த மரத்தை ‘உன் தங்கை’ என்கிறாள். பின்னாளில் அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேச அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் அனைவரும் காதலைப் பற்றித்தான் பேசினோம். எனக்கு அந்த விதை மனத்திலேயே நின்றுவிட்டது. ஒரு குழந்தையின் கையில் விதையும் காலடியில் மணலும் இருந்ததால் பிறந்த உறவல்லவா அது? கண்ணாடியிழைக் காளானைத் தங்கை என்று எந்தத் தாய் சொல்வாள்?

ஆனால், நம் பெற்றோரின் அச்சத்தைப் புறந்தள்ளுவது சரியன்று. டிங்கி கொசு நம் நாட்டில் வெறும் பேச்சல்ல. குடைந்த மரக்கட்டையும் பழைய டயரும் மழைநீரைத் தேக்கும். அடியில் துளையிட்டு வடிய விடவேண்டும். மணற்குழியை மூடாமல் விட்டால் மறுநாளே பூனைகளுக்குக் கழிப்பறை. ‘பொங்-பொங்’ மரம் பார்க்க அழகுதான். அதன் கொட்டை கடும் நஞ்சு. கறுப்புக் கண்ணுடைய குன்றிமணியும் நஞ்சே. மஞ்சாடியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் முதிய மரங்கள். 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். மரநல வல்லுநர் பார்த்துச் சொல்லாமல் எந்த மரத்தடியிலும் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. பாதைக்கென்று பணம் கிடைத்தால் முதல் செலவு இதற்குத்தான் ஆகவேண்டும்.

மரப்பெயர்ப் பலகையில் தமிழும் வேண்டும் என்று நான் சொன்னபோது, கழகத்தின் மூத்த மாணவர் ஒருவர், “ஏன் வம்பு? அனுமதிக்கே ஆறு மாதம் அலையணும்” என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. பலகை வைக்கத்தான் அனுமதி வேண்டும். ஒரு தாளில் பூங்காவின் வரைபடத்தைப் போட்டு, பத்து மரங்களுக்கு மலாய், தமிழ்ப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு விளையாட்டைக் குறித்து, ஒரு சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துப்போக யாரைக் கேட்கவேண்டும்? தலைமையாசிரியரையும் பெற்றோரையும்தானே? நம் கலைவிழா மேடை அலங்காரத்திற்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். (மேடை அலங்காரக் குழுவினர் கோபிக்க வேண்டாம், சென்ற ஆண்டு நானும் அதில்தான் இருந்தேன்.)

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். பட்டியலில் இதுவரை ஒன்பது மரங்கள் சேர்ந்துள்ளன. பத்தாவது, எங்கள் விடுதிக்குப் பின்னால் நீளக் காயோடு நிற்கும் ஒரு மரம். அதன் மலாய்ப் பெயர்கூட எனக்குத் தெரியாது. படமெடுத்துப் பாட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.