அரிவாளின் தரம் உலையில் இருக்கிறது

கரும்பு வெட்டும் பருவம் நெருங்கினால் கள்ளக்குறிச்சி வட்டாரத்து உழவர் பல கணக்குகளைப் போடுகிறார். வெட்டுக்கூலி எவ்வளவு, லாரி வாடகை எவ்வளவு, மூங்கில்துறைப்பட்டு ஆலையிலோ கச்சிராயபாளையம் ஆலையிலோ பணம் எப்போது கைக்கு வரும் என்றெல்லாம் யோசிக்கிறார். ஆனால், கரும்பை வெட்டப் போகும் அரிவாளைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வெட்டும் ஆட்கள் எதைக் கொண்டு வந்தாலும் சரி என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தால் ஏற்படும் நட்டம் சிறிதன்று.

கரும்பில் சர்க்கரைச் சத்து மிகுந்திருப்பது அடிப்பகுதியில்தான். தரையை ஒட்டி வெட்டினால் எடையும் கூடும். மறுதாம்புப் பயிரும் ஒரு சீராகத் தழையும். கூர் மழுங்கிய அரிவாளால் தரையோடு வெட்ட முடியாது. ஆள் நிமிர்ந்து நின்று மேலே வெட்டுவார். கட்டையும் பிளந்து போகும். 2½ மீட்டர் உயரக் கரும்பில் 5 சென்டிமீட்டர் நின்றுவிட்டால் நூற்றுக்கு 2 பங்கு வயலிலேயே தங்கிவிடுகிறது. ஏக்கருக்கு 40 டன் விளையும் நிலத்தில் இது 800 கிலோ. 2025-26 பருவத்தில், பிழிதிறன் குறைந்த ஆலைகளுக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை டன்னுக்கு சுமார் 3,290 ரூபாய். அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் ஏக்கருக்கு 2,600 ரூபாய்க்கு மேல் இழப்பு. இந்தத் தொகைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல அரிவாள்கள் செய்து கொள்ளலாம்.

கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். சரிவான நிலங்களில் அறுவடை இயந்திரம் ஏறாது. சாமையும் தினையும் கதிர் அரிவாளைக் கொண்டுதான் அறுபட வேண்டும். அறுப்பில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அரிவாள் அறுக்காவிட்டால் கை இழுக்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டும் தோளும் நோகின்றன. தாளை இழுக்கும்போது மணியும் உதிர்கிறது. ஒரு கருவியின் குறை உழைப்பவர் உடம்பில்தான் முதலில் தெரியும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அரிவாள்களில் பல, மெல்லிரும்புத் தகட்டில் வெட்டி எடுக்கப்பட்டவை. மெல்லிரும்பில் கரிச்சத்து நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. காலையில் தீட்டினால் நடுப்பகலில் மழுங்கிவிடும். மாறாக, கழித்துப் போடப்பட்ட லாரி, பஸ் ஸ்பிரிங் பட்டைகளில் கரிச்சத்து நூற்றுக்கு 0.5 முதல் 0.6 வரை இருக்கிறது. வளைந்தால் ஒடியாமல் மீளவும், தேயாமல் உழைக்கவும் என்றே செய்யப்பட்ட எஃகு அது. அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் களைக்கொத்துக்கும் அதைவிடப் பொருத்தமான பழைய இரும்பு எளிதில் கிடைப்பதில்லை.

பழைய எஃகில் புதிய கருவி செய்வது இந்த நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனுயிட் மக்களின் பெண்கள் ‘ஊலு’ என்ற பிறைவடிவக் கத்தியை வைத்திருக்கிறார்கள். பிறையின் முதுகில் பிடி அமைந்திருக்கும். உள்ளங்கையால் அழுத்தி அறுப்பார்கள். தோல் சீவுவது, மீன் அரிவது, இறைச்சி துண்டாக்குவது எல்லாம் அதனால்தான். முற்காலத்தில் பலகைக்கல்லில் தேய்த்துச் செய்தனர். பின்னர் வியாபாரிகள் மூலம் எஃகு வந்தபோது, தேய்ந்த மரரம்பத்தின் தகட்டையே வெட்டி ஊலு செய்யப் பழகினர். ரம்பத் தகடு ஏற்கெனவே பதம் ஏற்றப்பட்டது. அதற்கு உலை தேவையில்லை. நல்ல எஃகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த முறையை இங்கும் வீட்டிலேயே கையாளலாம். மரவள்ளிக் கிழங்கின் தோல் சீவவும் காய் நறுக்கவும் தேவைப்படும் சிறு கத்தியைத் தேய்ந்த கைரம்பத்தின் தகட்டில் செய்து கொள்ளலாம். தகட்டை வெட்டிரும்பால் கீறி உடைத்து, அரத்தாலும் சாணைக்கல்லாலும் விளிம்பைத் தேய்த்து, மரப்பிடியில் இரண்டு ஆணிகளால் இறுக்கினால் போதும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள்.

அரிவாளுக்கோ உலை வேண்டும், கொல்லர் கை வேண்டும். ஆனாலும் செய்முறையை உழவர் அறிந்திருத்தல் நலம். முதலில் எஃகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுழலும் சாணைக்கல்லில் வைத்தால் மெல்லிரும்பு நீண்ட பொறிக்கோடுகளைத் தரும். அவை அதிகம் வெடிப்பதில்லை. கரிச்சத்து மிகுந்த எஃகின் பொறிகள் பூப்பூவாக வெடிக்கும். பழைய மாட்டுவண்டிச் சக்கரப் பட்டாவும் கட்டடக் கம்பியும் பார்வைக்கு உறுதியாக இருந்தாலும் வெட்டுவாய்க்கு உதவா. ஸ்பிரிங் பட்டையிலும் நடுத்துளையை ஒட்டிய பகுதியையும், கீறல் கண்ட பகுதியையும் ஒதுக்கிவிட வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் இடவே கூடாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

பட்டையைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆறவிட்டால், அறுக்கவும் அரம் போடவும் இளகும். அடிப்பது நல்ல சூட்டில் நடக்க வேண்டும். நிறம் மங்கிய பிறகும் அடித்தால் விரிசல் காணும். பொறி பறக்கும் வெள்ளைச் சூட்டுக்குப் போனால் எஃகு கருகிவிடும். வடிவம் முடிந்து, கருக்கு வெட்டவேண்டியதையும் வெட்டிய பிறகே தோய்ச்சலுக்குப் போக வேண்டும்.

கருவியின் தரம் முடிவாகும் இடம் தோய்ச்சல்தான். வெயிலில் நிறம் தெரியாது. நிழலில் பார்க்க வேண்டும். செந்நிறம் ஏறி, காந்தம் ஒட்டாத நிலை வந்து, அதற்குச் சற்று மேலே சூடானதும் எண்ணெயில் வெட்டுவாய் முந்தத் தோய்க்க வேண்டும். ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும். கடலை எண்ணெய், புங்க எண்ணெய் எதுவாயினும் இரும்புப் பாத்திரத்தில் வைத்து, தீப்பிடித்தால் மூடுவதற்குத் தகர மூடியும் அருகில் இருக்க வேண்டும். சரியாகத் தோய்ந்த வாயில் அரம் பிடிக்காமல் வழுக்கும்.

இந்த நிலையில் நிறுத்திவிட்டால் அரிவாள் கண்ணாடி போல் சிதறும். ஆகவே ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப்புறத்திலிருந்து மெல்ல இளஞ்சூடு காட்ட வேண்டும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஓடி வரும். கதிர் அரிவாளின் வாய்க்குப் பழுப்பு வந்ததும் நிறுத்தலாம். கரும்பும் விறகும் வெட்டும் கருவிக்கு ஊதா வரை போகலாம். கூர் சற்றுக் குறைந்தாலும் வாய் உடையாது.

இத்தகைய அறிவு இந்த மண்ணுக்குப் புதிதன்று. சேலம், திருச்சி வட்டாரங்களில் மண் குகையில் இரும்பை உருக்கி எஃகாக்கிய கொல்லர்கள் இருந்தார்கள். சேலத்து இரும்புத் தாதுவை நம்பியே 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அந்தக் கைத்திறனின் கடைசி இழை இன்று கிராமத்துக் கொல்லுப்பட்டறையில் இருக்கிறது. அதுவும் அறுந்து வருகிறது. கரி விலை ஏறிவிட்டது. சம்மட்டி அடிக்க ஆள் இல்லை. மலிவு அரிவாளோடு விலையில் போட்டியிடவும் முடியவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்று கேட்ட ஊர்களில், கொல்லன் தெருவே இல்லாமல் போய்க் கொண்டிருக்கிறது.

இதில் உழவரின் பொறுப்பு பெரிது. விலை கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டு, எஃகு கேட்டு வாங்கும் பழக்கத்திற்கு வரவேண்டும். பட்டையைத் தாமே பழைய இரும்புக் கடையில் தேர்ந்து கொடுத்து, தோய்ச்சலுக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் தரவேண்டும். வெட்டு தொடங்கிய பிறகு ஓடாமல், ஒரு மாதம் முன்னதாகவே சொல்லி வைத்தால் கொல்லரும் பொறுமையாக வேலை செய்வார். அரிவாள் வாங்குவோரின் பெயரும் முகவரியும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2021-இல் காவல்துறை அறிவுறுத்தியது. விவரம் கேட்கும் கொல்லரிடம் மனம் கோணாமல் அதைச் சொல்வதும் அவருக்குச் செய்யும் உதவியே.

கூட்டுறவு அமைப்புகளுக்கும் கடமை உண்டு. சர்க்கரை ஆலைகள் அரவைப் பருவத்திற்கு முன்பே வட்டாரக் கொல்லர்களிடம் வெட்டரிவாள்களுக்கு ஆர்டர் கொடுத்து, கரும்புப் பணத்தில் பிடித்துக் கொள்ளலாம். அரசுப் போக்குவரத்துக் கழகம் கழித்துவிடும் ஸ்பிரிங் பட்டைகளில் ஒரு பகுதியைக் கொல்லர் கூட்டுறவுக்கு ஒதுக்கலாம். வெள்ளிமலையில் ஒரு பொது உலையும் சாணையும் அமைத்தால் மலைக்கிராமத்தார் அரிவாள் தீட்ட அடிவாரம் இறங்க வேண்டியதில்லை. டிராக்டருக்கும் பவர்டில்லருக்கும் மானியம் தரும் திட்டங்களில் கைக்கருவிக்கும் ஓர் இடம் இருக்கட்டும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் இயந்திரம் அதுதான்.

பழைய இரும்புக் கடைகளில் எஃகு குவிந்து கிடக்கிறது. அதைக் கருவியாக்கத் தெரிந்த கைகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. அடுத்த அறுவடைக்கு வேண்டிய அரிவாளை இப்போதே உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லி வைப்பது உழவருக்கு லாபம். அணையப் போகும் ஓர் உலைக்கும் அதுவே கரி.